ஒரு விளக்கு, மூன்று மின்விசைகள்

ஜொகூர் மாநிலத்தின் மேற்குக் கரையில், மலாக்கா நீரிணையைப் பார்த்தபடி அமைந்திருக்கும் பட்டணம் பொந்தியான். அங்குள்ள வீடமைப்புப் பகுதி ஒன்றில் இரண்டு மாடி வரிசை வீடு ஒன்று இருக்கிறது. தந்தை, தாய், மூன்றாம் படிவம் பயிலும் மகள், எழுபத்தைந்து வயதைக் கடந்த பாட்டி என நால்வர் அதில் வசிக்கின்றனர். படுக்கையறைகள் மேல்மாடியில் உள்ளன. சமையலறையும் சாமி மேடையும் கீழே உள்ளன.

பாட்டிக்கு விடியற்காலை ஐந்து மணிக்கே எழுந்து பழக்கம். குளித்து, கீழே இறங்கி, சாமி விளக்கை ஏற்றிவிட்டுத்தான் அவர் தேநீர் போடுவார். ஜொகூரில் சூரியன் உதிக்க ஏறத்தாழ ஏழு மணி ஆகிவிடும். ஐந்து மணிக்கு வீட்டில் கும்மிருட்டாக இருக்கும்.

படிக்கட்டின் மேல் ஒரு விளக்கு உண்டு. ஆனால், அதற்குரிய மின்விசை படிக்கட்டின் அடியில் மட்டுமே இருந்தது. மேலிருந்து வருபவர் இருட்டிலேயே எல்லாப் படிகளையும் இறங்கி முடித்த பிறகுதான் விளக்கைப் போட முடியும். வெளிச்சம் தேவைப்படும்போது மின்விசை எட்டாது; மின்விசை எட்டும்போது வெளிச்சம் தேவைப்படாது. அதனால், மற்றவர்கள் விளக்கை இரவு முழுவதும் எரியவிடுவார்கள். "வீணாக எரிகிறதே!" என்று பாட்டி படுக்கப் போகும் முன் அதை அணைத்துவிட்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறிப் போவார்.

ஒரு விடியற்காலை, தரை வந்துவிட்டது என்று எண்ணிக் காலை நீட்டிய இடத்தில் இன்னும் ஒரு படி இருந்தது. பாட்டி கீழே விழுந்தார். எலும்பு முறியவில்லை. ஆனால், கணுக்கால் வீங்கி, இரண்டு வாரம் நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதாயிற்று. அந்த வாரமே தந்தை மின்கம்பியாளர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தார்.

சனிக்கிழமை காலை மின்கம்பியாளர் வந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். ஏணியையும் கருவிப் பெட்டியையும் வாசலில் வைத்துவிட்டு, முதலில் படிக்கட்டில் ஏறி இறங்கினார். பிறகு சமையலறை வரை நடந்து திரும்பி வந்தார். விளக்கைவிட, வீட்டினர் நடக்கும் வழியையே அவர் அதிக நேரம் பார்த்தார்.

"இந்த விளக்கை எந்தெந்த இடத்திலிருந்து போட வேண்டும்?" என்று கேட்டார்.

"மேலே ஒன்று, கீழே ஒன்று போதும் அண்ணே," என்றார் தந்தை.

முக்காலியின்மேல் காலை நீட்டியிருந்த பாட்டி குறுக்கிட்டார். "தம்பி, சமையலறை வாசலிலும் ஒன்று வைத்துவிடுங்கள். அங்கிருந்து திரும்பி வரும்போதும் இருட்டுதானே?"

"பாட்டி சொல்வது சரி. மூன்று இடம்," என்று மின்கம்பியாளர் குறித்துக்கொண்டார்.

"இரவு முழுவதும் எரியவிட்டால் மின்கட்டணம் ஏறுமே என்று நினைத்தோம். இல்லாவிட்டால் எப்போதோ அப்படியே விட்டிருப்போம்," என்றார் தாய்.

மின்கம்பியாளர் கணக்குப் போட்டுக் காட்டினார். அங்கிருந்தது 10 வாட் எல்இடி விளக்கு. பத்து மணி நேரம் எரிந்தால் 100 வாட்மணி, அதாவது 0.1 யூனிட். முப்பது இரவுகளுக்கு 3 யூனிட். "பணக் கணக்கு சிறியதுதான். பாட்டியின் காலடிக் கணக்குதான் பெரியது," என்றார் அவர்.

ஆள் நடமாட்டத்தை உணர்ந்து தானாக எரியும் விளக்கைப் போட்டால் என்ன என்று தந்தைக்கு ஓர் எண்ணம். அதுவும் நல்ல வழிதான் என்று மின்கம்பியாளர் ஒப்புக்கொண்டார். ஆயினும், வயதானவர்கள் படியின் நடுவில் சற்று நின்று மூச்சு வாங்குவார்கள். அசைவு இல்லை என்று கருவி விளக்கை அணைத்துவிட்டால், நடுப்படியில் இருட்டில் நிற்க நேரிடும். கைக்கெட்டும் மின்விசை என்றால் போடுவதும் அணைப்பதும் அவர்கள் விருப்பம்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த பேத்திக்கு ஓர் ஐயம் எழுந்தது. "அங்கிள், இப்போது இருப்பதைப் போலவே இன்னும் இரண்டு மின்விசைகளை வாங்கி மாட்டிவிட்டால் போதாதா?"

அவர் உடனே விடை சொல்லவில்லை. ஒரு தாளையும் பென்சிலையும் அவளிடம் கொடுத்தார். "முதலில் இரண்டு மின்விசையோடு வரைந்து பாரும்மா. எங்கே நின்றாலும் போடவும் முடிய வேண்டும், அணைக்கவும் முடிய வேண்டும்."

சாதாரண மின்விசை ஒரு கதவைப் போன்றது. அதற்கு இரண்டு முனைகள் உண்டு. மூடினால் சுற்று முழுமையாகி மின்னோட்டம் செல்லும். திறந்தால் சுற்று அறுபடும். இதனை ஒருவழி மின்விசை என்பர். பேத்தி முதலில் ஒரே கம்பியில் இரண்டு மின்விசைகளை ஒன்றன்பின் ஒன்றாக வரைந்தாள். இது தொடர்ச்சுற்று. இரண்டும் மூடியிருந்தால்தான் விளக்கு எரியும். மேலே இருப்பவர் அணைத்துவிட்டுப் படுத்துவிட்டால், கீழே இருப்பவர் எத்தனை முறை அழுத்தினாலும் பயன் இல்லை. அவளே அந்தப் படத்தை அடித்தாள்.

அடுத்து, இரண்டு மின்விசைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்தாள். இது இணைச்சுற்று. இப்போது எங்கிருந்தும் விளக்கைப் போட முடிந்தது. ஆனால், கீழே இருப்பவர் போட்ட விளக்கை மேலே இருப்பவரால் அணைக்க முடியவில்லை. ஒரு வழியை அடைத்தாலும் மறுவழியில் மின்னோட்டம் சென்றுகொண்டே இருந்தது. அந்தப் படத்தையும் அடித்தாள்.

"இந்த இரண்டு இணைப்புக்கும் வேறு இடத்தில் வேலை இருக்கிறது," என்றார் மின்கம்பியாளர். வீட்டின் முதன்மை மின்விசையும் அறையின் மின்விசையும் தொடராக இருக்கின்றன. முதன்மை மின்விசையை அடைத்தால் மற்றது என்ன நிலையில் இருந்தாலும் விளக்கு எரியாது. முன்வாசலிலும் பின்வாசலிலும் உள்ள அழைப்புமணிப் பொத்தான்கள் இணையாக இருக்கின்றன. எதை அழுத்தினாலும் மணி ஒலிக்கும். "ஆனால், படிக்கட்டுக்கு இந்த இரண்டும் ஒத்துவரா. திறப்பதும் மூடுவதும் மட்டும் தெரிந்த மின்விசை இங்கே போதாது. வழியை மாற்றத் தெரிந்த மின்விசை வேண்டும்."

பின்னர், அவர் ஒரு கதையைப் போல விளக்கத் தொடங்கினார். ஓர் ஆற்றின் குறுக்கே இரண்டு பாலங்கள் அருகருகே இருக்கின்றன. ஒன்று அ பாலம். மற்றொன்று ஆ பாலம். இக்கரையில் ஒரு காவலர், அக்கரையில் ஒரு காவலர். ஒவ்வொரு காவலரும் தம் கரையில் எப்போதும் ஒரு பாலத்தின் வாயிலைத் திறந்து, மற்றொன்றின் வாயிலை மூடி வைத்திருப்பார். இரண்டையும் சேர்த்துத் திறக்கவோ, சேர்த்து மூடவோ அவருக்கு அனுமதி இல்லை. பெக்கான் நானாஸிலிருந்து அன்னாசிப்பழம் ஏற்றிய லாரி ஒன்று ஆற்றைக் கடக்க வேண்டும். எப்போது அது கடக்கும்?

பேத்தி சற்று எண்ணிப் பார்த்தாள். "இரண்டு காவலர்களும் ஒரே பாலத்தைத் திறந்து வைத்திருந்தால் கடக்கும். ஆளுக்கொரு பாலத்தைத் திறந்தால் கடக்காது."

"சரி. லாரிகள் போய்க்கொண்டிருக்கின்றன. அக்கரைக் காவலர் மட்டும் தம் வாயிலை மாற்றுகிறார். என்ன ஆகும்?"

"நின்றுவிடும்."

"இப்போது இக்கரைக் காவலர் தம் வாயிலை மாற்றுகிறார்."

"மீண்டும் போகும்!" என்றாள் பேத்தி. விடை சொன்ன பிறகுதான் அதன் பொருள் அவளுக்கு முழுமையாகப் புரிந்தது. எந்தக் கரையில் இருப்பவரும், மறுகரைக்காரரைக் கேட்காமலேயே, போக்குவரத்தை நிறுத்தவும் முடிகிறது. தொடங்கி வைக்கவும் முடிகிறது.

அந்தக் காவலர்தான் இருவழி மின்விசை. வெளியிலிருந்து பார்த்தால் அது சாதாரண மின்விசையைப் போன்றே இருக்கும். திருப்பிப் பார்த்தால் பின்புறத்தில் மூன்று முனைகள் இருக்கும். ஒன்று பொது முனை. மற்ற இரண்டும் வழி முனைகள். பொது முனை எப்போதும் இரண்டு வழிகளில் ஏதேனும் ஒன்றைத் தொட்டுக்கொண்டிருக்கும். வீட்டு மின்சாரம் முதல் மின்விசையின் பொது முனைக்கு வருகிறது. அதன் இரண்டு வழி முனைகளிலிருந்து இரண்டு கம்பிகள் இரண்டாம் மின்விசையின் வழி முனைகளுக்குச் செல்கின்றன. அவையே அ, ஆ பாலங்கள். இரண்டாம் மின்விசையின் பொது முனையிலிருந்து ஒரு கம்பி விளக்குக்குப் போகிறது. விளக்கின் மறுமுனை நடுநிலைக் கம்பியோடு சேர்கிறது.

"மூன்றாவது மின்விசையை எங்கே வைப்பது?" என்று பேத்தி கேட்டாள்.

"ஆற்றின் நடுவில் ஒரு தீவு இருப்பதாக நினைத்துக்கொள். இரண்டு பாலங்களும் அந்தத் தீவைத் தொட்டுச் செல்கின்றன. அங்கே இன்னொரு காவலர் இருக்கிறார். அவர் எந்த வழியையும் மூடுவதில்லை. அ பாலத்தில் வந்தவரை அ பாலத்திலும், ஆ பாலத்தில் வந்தவரை ஆ பாலத்திலும் நேராக அனுப்புவார். அல்லது அ பாலத்தில் வந்தவரை ஆ பாலத்துக்கும், ஆ பாலத்தில் வந்தவரை அ பாலத்துக்கும் மாற்றி அனுப்புவார்."

இதன் பெயர் இடைநிலை மின்விசை. இதற்கு நான்கு முனைகள் உண்டு. இரண்டு உள்ளே வர, இரண்டு வெளியே போக. ஒரு நிலையில் வழிகள் நேராகச் செல்லும். மறுநிலையில் ஒன்றையொன்று குறுக்கே கடந்து இடம் மாறும். இரு கோடிகளிலும் இருவழி மின்விசைகள் இருக்க, நடுவில் ஓர் இடைநிலை மின்விசையைச் சேர்த்தால் மூன்று இடங்களிலிருந்து ஒரே விளக்கை ஆளலாம். நான்கு இடம் வேண்டுமானால் நடுவில் இன்னொன்றைச் சேர்த்தால் போதும். பேத்தியின் வீட்டில் மேல்மாடியிலும் சமையலறை வாசலிலும் இருவழி மின்விசைகள் என்றும், படிக்கட்டின் அடியில் இடைநிலை மின்விசை என்றும் முடிவாயிற்று.

வேலை தொடங்கும் முன், மின்கம்பியாளர் வீட்டின் மின்பகிர்வுப் பெட்டியைத் திறந்தார். படிக்கட்டு விளக்குக்குரிய 6 ஆம்பியர் துண்டிப்பானைக் கீழிறக்கினார். 'வேலை நடக்கிறது, தொடாதீர்கள்' என்று எழுதி அதன்மேல் ஒட்டினார். பிறகு, தம் மின்னழுத்தச் சோதிப்பானை முதலில் மின்சாரம் உள்ள வேறோர் இடத்தில் வைத்து, அது சரியாக வேலை செய்கிறதா என்று பார்த்தார். அதன் பின் வேலை செய்யவிருக்கும் கம்பிகளைச் சோதித்தார். மீண்டும் ஒருமுறை, மின்சாரம் உள்ள இடத்தில் சோதிப்பானை வைத்துப் பார்த்தார்.

"போன மாதம் இந்தப் பல்பை நான்தான் மாற்றினேன் அண்ணே. கீழே மின்விசையை அணைத்துவிட்டு ஏணியில் ஏறினேன். பெட்டியையெல்லாம் தொடவில்லை," என்றார் தந்தை.

மின்கம்பியாளர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இனிமேல் அப்படிச் செய்யவே கூடாது," என்று அழுத்தமாகக் கூறினார்.

அதற்கு அவர் மூன்று காரணங்கள் சொன்னார். முதலாவது, இனி இந்த விளக்கு மூன்று பேருக்குக் கட்டுப்பட்டது. ஏணியில் நிற்பவர் ஒரு மின்விசையை அணைத்துவிட்டு விளக்கின் பிடிப்பானைத் தொடும்போது, நிலைமை அறியாத இன்னொருவர் வேறோர் இடத்தில் மின்விசையை அழுத்தினால் போதும். அந்த நொடியே மின்சாரம் வந்துவிடும்.

இரண்டாவது, விளக்கு அணைந்திருப்பதால் கம்பிகளில் மின்சாரம் இல்லை என்று பொருளாகாது. காவலர்கள் ஆளுக்கொரு பாலத்தைத் திறந்து வைத்திருக்கும்போது லாரி அக்கரை போகாது. ஆனாலும், திறந்த வாயிலின் வழியே பாலத்தின் மறுமுனை வரை வந்து நின்றுகொண்டுதான் இருக்கும். அதைப் போலவே, விளக்கு அணைந்திருக்கும்போதும் மூன்று மின்விசைப் பெட்டிகளிலும் ஏதேனும் ஒரு கம்பி உயிரோடுதான் இருக்கும்.

மூன்றாவது, மின்விசை எந்தக் கம்பியில் மாட்டப்பட்டிருக்கிறது என்பது வெளியில் தெரியாது. மலேசிய வீடுகளில் ஒருமுனை இணைப்பில் வழக்கமாக மின்னோட்டக் கம்பி சிவப்பு. நடுநிலைக் கம்பி கறுப்பு. நிலத்தொடர்புக் கம்பி பச்சை அல்லது பச்சையும் மஞ்சளும். மின்விசை மின்னோட்டக் கம்பியில்தான் இருக்க வேண்டும். யாரேனும் தவறாக அதனை நடுநிலைக் கம்பியில் மாட்டியிருந்தாலும் விளக்கு எரியும், அணையும். குறை எதுவும் தெரியாது. ஆனால், அணைந்திருக்கும் விளக்கின் பிடிப்பானில் 230 வோல்ட் காத்துக்கொண்டிருக்கும். பழைய வீடுகளில் நிறத்தை மட்டும் நம்புவதும் ஆபத்து.

"துண்டிப்பான் நம்மைக் காப்பாற்றாதா?" என்று பேத்தி கேட்டாள்.

அவர் மறுபடியும் கணக்குப் போடச் சொன்னார். 6 ஆம்பியர் என்பது 6000 மில்லி ஆம்பியர். 10 வாட் விளக்கு எடுப்பதோ 40 மில்லி ஆம்பியருக்குச் சற்று மேல். மனித உடலின் வழியே 30 மில்லி ஆம்பியர் பாய்ந்தாலே உயிருக்கு ஆபத்து நேரலாம். எனவே, சின்ன விளக்கு என்பதால் சின்ன ஆபத்து என்று எண்ணக்கூடாது. 6 ஆம்பியர் துண்டிப்பான், கம்பி சூடேறித் தீப்பிடிக்காமல் காக்கிறது. மனிதரைத் தொட்டுக் கசியும் சிறு மின்னோட்டத்தைக் கண்டறிவது மின்கசிவுத் துண்டிப்பானின் வேலை. அதன் மேல் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்ப்பது நல்லது. அழுத்தியதும் அது விழ வேண்டும்.

மலேசியாவில் வீட்டு மின்கம்பி வேலையை யார் வேண்டுமானாலும் செய்துவிட முடியாது. 1990ஆம் ஆண்டு மின்விநியோகச் சட்டமும் 1994ஆம் ஆண்டு மின்சார விதிமுறைகளும் இதற்கு வரையறை செய்துள்ளன. சுருஹான்ஜாயா தெனாகா எனப்படும் எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்றிதழ் பெற்றவர்களே இவ்வேலைக்கு உரியவர்கள். ஒருமுனை இணைப்புக்கும் மும்முனை இணைப்புக்கும் சான்றிதழ்கள் வெவ்வேறு. தம் சான்றிதழின் நகலை மின்கம்பியாளர் கருவிப் பெட்டியின் மூடியிலேயே ஒட்டி வைத்திருந்தார்.

நண்பகலில் தேநீர் அருந்தியபோது பாட்டி தம் இளமைக் காலத்தை நினைவுகூர்ந்தார். அவர் பிறந்த தோட்டத்து லயத்தில் மண்ணெண்ணெய் விளக்குதான் இருந்தது. பின்னர் தோட்டத்தில் மின்னாக்கி வந்தது. இரவு பத்து மணிக்கு அதை நிறுத்திவிடுவார்கள். "எங்கள் வீட்டில் ஒரே ஒரு பல்பு. அதற்கு மின்விசைகூட இல்லை. மின்னாக்கி ஓடினால் எரியும்; நின்றால் அணையும். போடுவதும் அணைப்பதும் நம் கையில் இல்லை," என்றார்.

"ஆனால் பாட்டி, இந்த நாட்டுக்கு மின்சாரம் வந்ததில் நம்மவர் ஒருவருக்கும் பங்கு உண்டு," என்றார் மின்கம்பியாளர். 1894ஆம் ஆண்டு, சிலாங்கூர் மாநிலத்தின் ரவாங்கில் இருந்த ஈயச் சுரங்கத்தில் லோக் இயூவும் தம்புசாமிப் பிள்ளையும் மின்னாக்கியை நிறுவினர். நாட்டில் மின்சாரம் பயன்படுத்தப்பட்ட முதல் நிகழ்வாக இதுவே பதிவு பெற்றுள்ளது. தம்புசாமிப் பிள்ளை, கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயம் 1873ஆம் ஆண்டில் தோன்றக் காரணமானவர். சுரங்கங்களிலும் நகரங்களிலும் தொடங்கிய மின்சாரம் நாடு முழுவதும் பரவப் பல ஆண்டுகள் ஆயின. 1949ஆம் ஆண்டில் மத்திய மின்சார வாரியம் உருவாயிற்று. 1965ஆம் ஆண்டில் அது தேசிய மின்சார வாரியம் என்று பெயர் மாறியது. 1990ஆம் ஆண்டில் அதன் பொறுப்புகளைத் தெனாகா நேஷனல் நிறுவனம் ஏற்றுக்கொண்டது.

மின்விசைக்கும் ஒரு வரலாறு உண்டு. தொடக்க கால மின்விசைகளை மெதுவாகத் திறந்தால், பிரியும் இரு முனைகளுக்கும் இடையில் தீப்பொறி நீண்டு, அவை கருகிவிடும். இங்கிலாந்தின் நியூகாசல் நகரைச் சேர்ந்த ஜான் ஹென்றி ஹோம்ஸ், முனைகள் சட்டென்று பிரியும் மின்விசையை 1884ஆம் ஆண்டில் உருவாக்கினார். மின்விசையை அழுத்தும்போது கேட்கும் 'டக்' என்ற ஓசை, அந்த விரைவின் ஓசையே.

மாலை நான்கு மணிக்குக் கம்பிகள் எல்லாம் பிளாஸ்டிக் குழாய்க்குள் அடங்கின. மின்விசைகள் சுவரில் ஏறின. மின்கம்பியாளர் இணைப்புகளைச் சோதித்து முடித்து, துண்டிப்பானை மேலே ஏற்றினார். அதன் பின் மூவரை மூன்று இடத்தில் நிற்கச் சொன்னார். தந்தை மேலே, பேத்தி படிக்கட்டின் அடியில், பாட்டி மெல்ல நடந்து வந்து சமையலறை வாசலில்.

ஒவ்வொரு மின்விசைக்கும் இரண்டு நிலைகள். ஆக, மூன்றுக்கும் சேர்த்து இரண்டு பெருக்கல் இரண்டு பெருக்கல் இரண்டு, மொத்தம் எட்டு நிலைகள். பேத்தி எட்டையும் தாளில் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றாகச் சோதித்தாள். நான்கில் விளக்கு எரிந்தது, நான்கில் எரியவில்லை. ஒருவர் மட்டும் அழுத்தினால் விளக்கின் நிலை ஒவ்வொரு முறையும் மாறியது. ஒரு முறை பாட்டியும் பேத்தியும் ஒரே நேரத்தில் அழுத்திவிட்டார்கள். விளக்கு சட்டென்று இமைத்துவிட்டு இருந்தபடியே இருந்தது. ஒற்றைப்படை எண்ணிக்கையில் அழுத்தினால் நிலை மாறும். இரட்டைப்படை எண்ணிக்கையில் அழுத்தினால் பழைய நிலைக்கே திரும்பும் என்று பேத்தி தாளின் அடியில் எழுதிக்கொண்டாள்.

திங்கட்கிழமை அந்தத் தாளைப் பள்ளிக்கு எடுத்துச் சென்று ஆசிரியரிடம் காட்டினாள். வீட்டு மின்சாரத்தைத் தொடாமல், இரண்டு சிறு மின்கலங்கள், ஒரு கைவிளக்கு பல்பு, மூன்று முனைகள் கொண்ட இரண்டு சிறு மின்விசைகள் ஆகியவற்றைக் கொண்டு ஒரு மாதிரியும் செய்திருந்தாள். 3 வோல்ட் மட்டுமே என்பதால் கையால் தொட்டாலும் ஆபத்தில்லை.

மாதிரியை இயக்கிப் பார்த்த ஆசிரியர், இதே சுற்றுக்குக் கணினியிலும் இடம் உண்டு என்று விளக்கினார். ஆங்கிலேயக் கணித அறிஞர் ஜார்ஜ் பூல், உண்மை, பொய் என்ற இரண்டை மட்டும் கொண்டு சிந்தனையைக் கணக்காக எழுதலாம் என்று 1854ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். பல ஆண்டுகள் அது ஏட்டிலேயே இருந்தது. 1937ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற கிளாட் ஷானன் என்ற 21 வயது மாணவர், பூலின் கணக்கையும் மின்விசைச் சுற்றுகளையும் இணைத்து ஆய்வேடு ஒன்றை எழுதினார். தொடர்ச்சுற்று 'இதுவும் அதுவும்' என்று சொல்கிறது. இணைச்சுற்று 'இதுவோ அதுவோ' என்று சொல்கிறது. படிக்கட்டுச் சுற்றோ, 'இரண்டும் ஒன்றா, வேறா' என்று கேட்கிறது. கணினி இரண்டு எண்களைக் கூட்டுவதற்குத் தேவையான அடிப்படைக் கேள்விகளுள் இதுவும் ஒன்று. பேத்தி அடித்துவிட்ட முதல் இரண்டு படங்களும் வீண் போகவில்லை என்று ஆசிரியர் கூறினார்.

கணுக்கால் குணமான பிறகு பாட்டி மீண்டும் மேல்மாடியில் படுக்கத் தொடங்கினார். முதல் நாள் இரவு, படிக்கட்டின் உச்சியில் புதிய மின்விசையின் முன் நின்று பேத்தியை அழைத்தார்.

"இதை மேல்பக்கம் அழுத்த வேண்டுமா, கீழ்ப்பக்கம் அழுத்த வேண்டுமா? நேற்றுக் கீழ்ப்பக்கம் அழுத்தினேன், எரிந்தது. இன்று கீழ்ப்பக்கம் அழுத்தியிருக்கிறது, எரியவில்லையே?"

"பக்கத்தைப் பார்க்காதீர்கள் பாட்டி. மற்ற இரண்டு மின்விசைகளும் எப்படி இருக்கின்றன என்பதைப் பொறுத்து அது மாறும். விளக்கை மட்டும் பாருங்கள். எரியவில்லை என்றால் ஒருமுறை அழுத்துங்கள்; வேண்டாம் என்றால் இன்னொரு முறை அழுத்துங்கள். அவ்வளவுதான்."

பாட்டி அழுத்தினார். படிகள் எல்லாம் தெரிந்தன. அவர் கைப்பிடியைப் பிடித்தபடி ஒவ்வொரு படியாக இறங்கி, சமையலறை வாசல் வரை நடந்து, அங்கே விளக்கை அணைத்தார். மீண்டும் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார்.

மறுநாள், மின்பகிர்வுப் பெட்டியின் கதவில் பேத்தி ஒரு தாளை ஒட்டினாள். அதில் அவள் எழுதியிருந்தது இதுதான்: 'படிக்கட்டு பல்பை மாற்றும் முன் இந்தத் துண்டிப்பானை அடைக்கவும். சுவரில் உள்ள மின்விசையை நம்ப வேண்டாம்.' அப்பா அதை வாசித்துவிட்டு, அடியில் தம் கையொப்பத்தை இட்டார்.

சிந்தித்து விடையளித்திடுக.

1. படிக்கட்டின் அடியில் மட்டும் மின்விசை இருந்ததால் பாட்டிக்கு ஏற்பட்ட சிக்கல் யாது?

2. பேத்தி வரைந்த முதல் இரண்டு படங்களும் படிக்கட்டு விளக்குக்கு ஏன் பொருந்தவில்லை?

3. பாலங்கள், காவலர்கள், லாரி, தீவு ஆகியவை மின்சுற்றின் எந்தெந்தப் பகுதிகளைக் குறிக்கின்றன?

4. 'சுவரில் உள்ள மின்விசையை நம்ப வேண்டாம்' என்று பேத்தி எழுதியதற்குரிய காரணங்களைப் பகுதியைத் துணைகொண்டு விளக்கிடுக.

5. ஒரே விளக்குக்கு நான்கு மின்விசைகள் இருந்தால் மொத்தம் எத்தனை நிலைகள் இருக்கும்? அவற்றுள் எத்தனை நிலைகளில் விளக்கு எரியும்?